வீதி மரியாதையும் வர்க்க மனோபாவமும்

விபத்துச் செய்தி எழுதுவோரின் கையிலே நெடுங்காலமாகப் புழங்கித் தேய்ந்துபோன வாக்கியம் ஒன்றுண்டு. “வேகக் கட்டுப்பாட்டை இழந்த மோட்டார் சைக்கிள்” என அது தொடங்கும். மதிலோடோ மின்கம்பத்தோடோ எதிரே வந்த டிப்பரோடோ மோதியது என முடியும். ஓட்டியவன் இறந்துவிட்டான், அவனிடம் வாக்குமூலம் பெற இயலாது. எதிரே வந்த வாகனத்தின் சாரதி உயிரோடிருக்கிறான். அவன் சொன்னதே செய்தியாகிறது. விசாரணை தொடங்குமுன்னரே தீர்ப்பு அச்சேறிவிடுகிறது. மறுநாட் காலையில் அதனைப் படிக்கும் கனவான்கள், “மோட்டார் சைக்கிள்காரர் எல்லாரும் இப்படித்தான்” என்று தலையை அசைத்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டுகிறார்கள்.

இந்தத் தலையசைப்பு சாதாரணமான ஒன்றன்று. கலியாண மண்டபங்களிலும், பாடசாலை ஆசிரியர் அறைகளிலும், ஏன், முற்போக்குக் கருத்துடையோர் கூடும் கூட்டங்களிலுங்கூட இதனை நாம் காண்கிறோம். தொழிலாளர் உரிமை பற்றி ஒரு மணிநேரம் பேசிய தோழர், கூட்டம் முடிந்து காரிலேறியதும் முன்னே செல்லும் மோட்டார் சைக்கிளைப் பார்த்து ஹோர்னை அழுத்திக்கொண்டு, “இவங்களுக்கு ரோட்டு ஒழுங்கே தெரியாது” என்கிறார். மேடையிலே வர்க்கமாகத் தெரிந்தவன் வீதியிலே தொல்லையாகத் தெரிகிறான். இந்த முரண்பாட்டைப் பற்றியே ஈண்டு சிறிது பேச விரும்புகிறேன்.

முதலில், இந்த மோட்டார் சைக்கிள்காரன் யார்? இலங்கையிலே பதிவு செய்யப்பட்ட வாகனங்களின் தொகை 80 இலட்சத்துக்கும் மேல். அவற்றுள் பாதிக்கும் அதிகமானவை மோட்டார் சைக்கிள்கள். ஆக, வீதியிலே பெரும்பான்மையினர் அவர்களே. விடியுமுன் கரைக்குச் சென்று மீன் வாங்கி, பின்னே பெட்டி கட்டி ஊரூராய் விற்பவன். கரண்டியும் மட்டக்கோலும் பையிலே செருகிக்கொண்டு கட்டட வேலைக்குச் செல்லும் மேசன். முல்லைத்தீவிலோ மன்னாரிலோ 30 மைல் தொலைவிலுள்ள பாடசாலைக்கு நாடோறும் சென்று மீளும் ஆசிரியை. நகரிலே பிறர் வீட்டுச் சாப்பாட்டை முதுகிலே சுமந்து திரியும் இளைஞன். பிள்ளைகள் இருவரை நடுவிலே இருத்தி மனைவியோடு மருத்துவமனைக்கு விரையும் கமக்காரன். இவர்களையெல்லாம் ஒரே சொல்லிலே அடக்கிக் ‘காவாலிகள்’ என்போர் நாட்டின் உழைக்கும் மக்களிற் பெரும் பகுதியினரையே அவ்வாறு அழைக்கின்றனர்.

இவர்கள் ஏன் மோட்டார் சைக்கிள் ஏறினார்கள்? வேகத்தின்மீது கொண்ட மோகத்தினாலா? சிலர் அவ்வாறிருக்கலாம். ஆனாற் சமூக வரலாறு வேறு விடை தருகிறது. 1958 ஜனவரி முதலாந் திகதி தனியார் பஸ் கம்பனிகள் தேசியமயமாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை தோற்றம் பெற்றது. அதனிடம் குறைபாடுகள் பல இருந்தன. எனினும், இலாபமில்லாத ஊருக்கும் பஸ் செல்லவேண்டும் என்ற கொள்கை அதனிடம் இருந்தது. 1977க்குப் பின் வந்த திறந்த பொருளாதாரம் அந்தக் கொள்கையைக் கைவிட்டது. தனியார் பஸ்கள் மீண்டும் வந்தன. நாளாந்த வசூலை நம்பிச் சாரதியும் நடத்துநரும் வாழவேண்டிய நிலை வந்தது. ஒரு பஸ்ஸை மற்றொரு பஸ் துரத்தி முந்துவது தொழிலின் இலக்கணமாயிற்று. இலாபந் தரும் பாதைகளிலே பஸ்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஓடின. இலாபந் தராத பாதைகளிலே மாலை ஆறு மணிக்குப் பின் ஒன்றுமே ஓடவில்லை. பஸ் வராத ஊரிலே வாழ்பவன் என் செய்வான்? கார் வாங்க அவனால் இயலாது. இறக்குமதித் தீர்வை அதனை அவன் கைக்கு எட்டாத உயரத்தில் வைத்திருக்கிறது. அவனுக்கு எஞ்சியது இரண்டு சக்கரமே.

வடக்கின் கதை இன்னுஞ் சற்று வேறானது. துவிச்சக்கரவண்டியே யாழ்ப்பாணத்தானின் வாகனமாக இருந்தது. 1990க்குப் பின் பொருளாதாரத் தடைக் காலத்திலே பெற்றோல் அருமருந்தாயிற்று. அப்போது மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சூப்பிப் போத்தலிலிருந்து சில துளி பெற்றோலை ஊட்டி இயந்திரத்தை உயிர்ப்பித்துவிட்டு, பின் புகை கக்கிக்கொண்டு செல்லும் எம்.டி. 90 வண்டிகளை அக்காலத்தவர் மறந்திருக்க மாட்டார்கள். காயக்காரரையும் பிள்ளைப்பேற்றுக்குரிய பெண்களையும் அவை சுமந்தன. அன்று அதனை ஓட்டியவனை ஊரவர் ‘காவாலி’ என்னவில்லை. 2009இல் போர் முடிந்து ஏ-9 வீதி திறந்ததும் முதலில் வந்து சேர்ந்தவற்றுள் லீசிங் கம்பனிகளும் அடங்கும். வீட்டுக்குக் கூரை போடாதவனுக்கும் மோட்டார் சைக்கிள் தவணைக்குக் கிடைத்தது. தொழிற்சாலை வரவில்லை; பஸ் வரவில்லை; கடன் வந்தது. கடனைக் கட்ட வேலை வேண்டும். வேலைக்குச் செல்ல வண்டி வேண்டும். வண்டிக்குக் கடன் வேண்டும். இந்தச் சுழலிலே அகப்பட்டவனைப் பார்த்து, ‘படோடாபம்’ என்று பரிகசிப்பது எளிது. தவணை தவறியதும் வண்டியைப் பறிக்க வருவோரை அவன் வாசலிலே சந்திக்கும்போது, பரிகசித்தவர் எவரும் உடன் நிற்பதில்லை.

“சரி, வறுமை உண்மைதான். ஆனால் விபத்துக்குக் காரணம் அவர்கள்தானே?” என்று நண்பர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானது; விடையை ஆத்திரத்திலன்றி ஆராய்ச்சியிலே தேடுவோம். தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹரி ஹேர்ட் என்பவரின் தலைமையில், லொஸ் ஏஞ்சல்ஸ் பகுதியிலே சுமார் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகள் நிகழ்ந்த இடத்துக்கே சென்று ஆராயப்பட்டன. 1981இல் அதன் முடிவுகள் வெளிவந்தன. இன்னொரு வாகனத்தோடு மோதிய விபத்துகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, மற்ற வாகனத்தின் சாரதி மோட்டார் சைக்கிளுக்குரிய வழியுரிமையை மீறியதால் நேர்ந்தவை. சந்தியிலே திரும்பும் சாரதி பார்க்கிறான். காரையும் லொறியையும் தேடும் அவன் கண்ணில் ஒடுங்கிய அந்த உருவம் பதிவதில்லை. “நான் காணவில்லை” என்று பின்னர் சொல்கிறான். அவன் பொய் சொல்லவில்லை. ஆனால், காணாமை என்பது கண்ணின் குறை மட்டுமோ? எவரை மதிக்கிறோமோ அவரைத் தேடிப் பார்க்கிறோம். எவருக்கு அஞ்சுகிறோமோ அவரையும் தேடிப் பார்க்கிறோம். இரண்டும் இல்லாதவன் கண்ணிற் படுவதில்லை.

அதே ஆய்வின் மறுபக்கத்தையும் மறைத்தலாகாது. விபத்துக்குள்ளான ஓட்டிகளிற் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் முறையான பயிற்சி பெறாதவர்கள். தாமாகவோ நண்பரிடமோ உறவினரிடமோ பழகியவர்கள். நம் நாட்டு நிலையும் இதனின்று பெரிதும் வேறுபட்டதன்று. எட்டுப் போட்டுக் காட்டி அனுமதிப்பத்திரம் பெற்றவனுக்கு, மழைத் தாரிலே பிரேக் பிடிப்பது எப்படி, டிப்பரின் பக்கக் கண்ணாடியில் தான் தெரியாத இடம் எது என்பவற்றை எவரும் சொல்லிக் கொடுப்பதில்லை. ஆகவே அறியாமை உண்டு. ஆனால் அறியாமை குற்றமாயின், கற்பிக்காதவனே முதற் குற்றவாளி.

தலைக்கவசத்தின் வரலாறும் நமக்கு ஒரு பாடத்தைத் தருகிறது. 1935 மே மாதத்தில் ‘அரேபியாவின் லோரன்ஸ்’ எனப் பெயர்பெற்ற ரி. ஈ. லோரன்ஸ், துவிச்சக்கரவண்டியில் வந்த இரு சிறுவர்களுக்கு விலகியபோது மோட்டார் சைக்கிளிலிருந்து வீசப்பட்டு, ஆறு நாட்களின் பின் இறந்தார். ஏகாதிபத்தியத்தின் ஊழியராகிய அவருக்காக நாம் கண்ணீர் வடிக்க வேண்டியதில்லை. ஆனால், அவருக்குச் சிகிச்சை செய்தோருள் ஒருவரான நரம்பியற் சத்திரசிகிச்சை நிபுணர் ஹியூ கெயர்ன்ஸ் அந்த மரணத்தை மறக்கவில்லை. இராணுவச் செய்திகொண்டு செல்லும் மோட்டார் சைக்கிளோட்டிகளின் தலைக்காயங்களை ஆராய்ந்து, 1941இல் தலைக்கவசத்தின் பயனை நிறுவினார். பிரித்தானிய இராணுவம் உடனே அதனைக் கட்டாயமாக்கியது. பிரித்தானியப் பொதுமக்களுக்கு அது சட்டமானது எப்போது? 1973இல்! போருக்கு வேண்டிய தலையின் பெறுமதி அரசுக்கு உடனே விளங்கிற்று. தொழிற்சாலைக்குச் செல்லும் தலையின் பெறுமதி விளங்க 32 ஆண்டுகள் வேண்டியிருந்தன. தலைக்கவசம் மரண ஆபத்தை 42 சதவீதமும் தலைக்காய ஆபத்தை 69 சதவீதமும் குறைக்கும் எனப் பிற்கால ஆய்வுகளின் தொகுப்பு காட்டுகிறது.

இத்தகைய கவசத்தை நமது ஆட்சியாளர் எவ்வாறு நோக்கினர்? 2015 மார்ச்சிலே, முகம் முழுவதையும் மூடும் தலைக்கவசத்தைத் தடை செய்யப் பொலிஸ் திணைக்களம் முற்பட்டது. கொள்ளையர் முகத்தை மறைக்க அதனைப் பயன்படுத்துகின்றனர் என்பதே காரணம். விடயம் மேன்முறையீட்டு நீதிமன்றம் வரை சென்று, இடைக்கால உத்தரவினால் அத்தடை நிறுத்தப்பட்டது. சிலர் கொள்ளையடித்தனர், ஆகையால் இலட்சக்கணக்கானோரின் தாடை உடையலாம் என்பதே அந்த நியாயத்தின் உட்பொருள். இந்த நாட்டிலே வெள்ளை வான்களில் மனிதர் கடத்தப்பட்ட காலம் ஒன்றிருந்தது. அப்போது வான்களின் கண்ணாடிகளையெல்லாம் கழற்றிவிட வேண்டும் என்று எந்தத் திணைக்களமாவது சொல்லிற்றா? வானுக்குள் இருப்பவன் தனிமனிதன். அவன் குற்றம் அவனுக்கே உரியது. மோட்டார் சைக்கிளில் இருப்பவன் ஒரு கூட்டத்தின் மாதிரி. ஒருவன் குற்றம் எல்லார் மீதும் சாரும். ஒடுக்கப்பட்டோரை உலகம் எப்போதும் இப்படித்தான் எண்ணி வந்திருக்கிறது.

சந்தேகம் என்பது வெறும் மனநிலையாக நின்றுவிடுவதில்லை. அதற்குத் துப்பாக்கியும் உண்டு. 2016 ஒக்டோபர் 20ஆந் திகதி இரவு, கொக்குவில் குளப்பிட்டிப் பகுதியிலே மோட்டார் சைக்கிளிற் சென்ற யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர் இருவர் உயிரிழந்தனர். முதலில் வெளிவந்த செய்தி என்ன? விபத்து! நாம் தொடக்கத்திற் கண்ட அதே வாக்கியம். மோட்டார் சைக்கிள் வேகமாகச் சென்று மோதியது என்றால் எவரும் கேள்வி கேட்கமாட்டார்கள் என்ற நம்பிக்கை அதன் பின்னே இருந்தது. பிரேத பரிசோதனையிலே துப்பாக்கிச் சூட்டுக் காயம் வெளிப்பட்டது. பொலிஸார் ஐவர் கைது செய்யப்பட்டனர். மாணவர்கள் கொதித்தெழுந்தனர், நாடெங்கும் குரல் எழுந்தது. ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள்: அந்தச் சூட்டை ஒருசில மணிநேரமேனும் மறைத்து வைத்தது எது? பொலிஸாரின் பொய் மட்டுமன்று. அப்பொய்யை இலகுவாக ஏற்றுக்கொள்ள ஆயத்தமாயிருந்த நமது தலையசைப்புமாகும். “இளம் பொடியள்தானே, ஓடியிருப்பாங்கள்” என்று அன்று காலையில் எத்தனை வீடுகளிற் சொல்லப்பட்டது! வாள்களோடு மோட்டார் சைக்கிளிலே திரிந்த கூட்டங்கள் வடக்கிலே மக்களை அச்சுறுத்தியது உண்மை. அதனை நாம் மூடி மறைக்கவில்லை. ஆனால், அந்த அச்சத்தை முதலாக வைத்து ஒவ்வோர் இளைஞனையும் சந்தேக நபராக்கும் அதிகாரத்துக்கு நாம் துணைபோகலாகாது.

பங்கீட்டிலும் இதே நோக்கைக் காணலாம். 2022இல் பொருளாதாரம் சரிந்து, ஜூன் மாத இறுதியிற் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவை எட்டியது. பின்னர் கியூ.ஆர். முறையிலே பங்கீடு வந்தபோது, காருக்கு வாரம் 20 லீற்றரும் மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றரும் ஒதுக்கப்பட்டன. கார் அதிகம் குடிக்கும் என்பது உண்மையே. எனினும், அந்த நான்கு லீற்றரிலே ஒரு குடும்பத்தின் வருவாய் முழுவதும் அடங்கியிருந்தது. அதிவேகப் பாதைகளையும் நோக்குக. 2011இல் தெற்கு அதிவேகப் பாதை திறந்த நாள் தொட்டு மோட்டார் சைக்கிளுக்கு அங்கே இடமில்லை. பாதுகாப்பின் பொருட்டு அவ்விதி அவசியம் என ஒப்புக்கொள்வோம். ஆனால், அப்பாதைக்கான கடனை அடைக்கும் வரி, மீன்காரன் வாங்கும் சீனியிலிருந்தும் அறவிடப்படுகிறது. விலக்கப்பட்டவனுக்குப் பதிலாகக் கொடுக்கப்பட்டதென்ன? அவன் செல்லும் வீதியோரத்திலே ஒரு மின்விளக்காவது கொளுத்தப்பட்டதா? இரவிலே மாடுகள் படுத்திருக்கும் ஏ-9 வீதி அப்படியே இருக்கிறது.

இனி, மரியாதை என்ற சொல்லுக்கு வருவோம். நமது சமுதாயத்திலே மரியாதை கீழிருந்து மேலே செல்வது. சிறியவன் பெரியவனுக்கு விலகவேண்டும், தோளிற் சால்வையை இறக்கவேண்டும், தெருவோரம் ஒதுங்கவேண்டும். இந்த நிலவுடைமைப் பண்பாட்டையே நாம் தார் வீதியிலும் கொண்டுவந்து இறக்கியிருக்கிறோம். பஸ்ஸுக்குக் கார் விலகுகிறது, காருக்கு முச்சக்கரவண்டி, அதற்கு மோட்டார் சைக்கிள், அதற்குத் துவிச்சக்கரவண்டி, எல்லாவற்றுக்கும் நடந்து செல்லும் கிழவி. எடை கூடியவனே உயர்ந்தவன்! 1966 ஒக்டோபர் 21ஆந் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி ஊர்வலமாகப் புறப்பட்டுப் பொலிஸாரின் அடியை ஏற்றவர்கள், ஆலய வாசலிலும் தேநீர்க்கடை வாசலிலும் இந்த ‘ஒதுங்கு’ என்ற சொல்லை எதிர்த்தே நின்றார்கள். அவர்கள் வழிவந்தோராகத் தம்மைக் கருதும் நாம், வீதியிலே அதே சொல்லை ஹோர்ன் ஒலியாக முழக்குவது எவ்வளவு பெரிய வெட்கம்!

வீதியின் மரியாதை மேலிருந்து கீழே செல்லவேண்டியது. எவன் பிறருக்கு அதிக தீங்கு விளைவிக்க வல்லவனோ, அவனுக்கே அதிக கடமை. இருபது தொன் மணலேற்றிய டிப்பர் காருக்குக் கடமைப்பட்டது; கார் மோட்டார் சைக்கிளுக்குக் கடமைப்பட்டது. இது கருணையன்று, நீதி.

இந்த நீதியை ஏற்போமாயின், அது மோட்டார் சைக்கிளோட்டியோடு நின்றுவிடாது, அவனையும் விசாரிக்கும். தன் முன்னே காரைக் கண்டு கொதிக்கும் அவன், பின்னே துவிச்சக்கரவண்டியிற் செல்லும் மாணவியை உரசிக்கொண்டு பாய்கிறான். சைலன்சரைக் கழற்றிவிட்டு வைத்தியசாலை வாசலால் முழங்கிச் செல்கிறான். மஞ்சட் கோட்டிலே கால்வைத்த முதியவரை நிற்கவைத்துவிட்டு வளைந்து ஓடுகிறான். ஸ்கூட்டியிலே செல்லும் பெண்ணைக் கண்டால், முந்திக் காட்டுவதும் பக்கத்திலே சென்று பகடி பேசுவதும் வீரம் என்று எண்ணுகிறான். தலைக்கவசத்தைக் கைப்பிடியிலே தொங்கவிட்டுப் பொலிஸாரைக் கண்டதும் தலையிலேற்றுகிறான். தன் தலை தனக்கன்றிப் பொலிஸாருக்கே உரியது என்பது அவன் எண்ணம் போலும்! பெற்றோரின் தலையிலே கவசம். நடுவிலிருக்கும் பிள்ளையின் தலை வெறுந்தலை. இவற்றுக்கெல்லாம் வறுமையைக் காரணங் காட்டுவது உழைப்பாளியை இழிவுபடுத்துவதாகும். மேலே இருப்பவனிடம் வாங்கிய அவமதிப்பைக் கீழே இருப்பவனிடம் இறக்கி வைப்பது அடிமையின் குணம், போராளியின் குணமன்று.

ஆனால், விரைவுக்கெல்லாம் ஓட்டியே பொறுப்பாளியல்லன் என்பதையும் மறத்தலாகாது. இன்று நகரங்களிலே உணவும் பொருளும் சுமந்து ஓடும் இளைஞர்களின் முதலாளி யார்? கைத்தொலைபேசிக்குள் இருக்கும் ஒரு செயலி. அவர்கள் ‘பங்காளர்’ என அழைக்கப்படுகிறார்கள்; தொழிலாளர் அல்லர் என்பதற்காகவே அப்பெயர்! ஊழியர் சேமலாப நிதி இல்லை, விடுமுறை இல்லை, வண்டியும் பெற்றோலும் அவர்களுடையவை, விழுந்தால் உடைவதும் அவர்களுடைய எலும்பே. ஓட்டத்துக்கு இவ்வளவு என்ற கூலி, அவர்களை ஒவ்வொரு சந்தியிலும் விரட்டுகிறது. குளிரூட்டிய அறையிலிருந்து, “சாப்பாடு இன்னும் வரவில்லையே” என்று முறையிடும் அதே நாவே, வீதியிலே, “இவங்கள் ஏன் இப்படிப் பறக்கிறாங்கள்?” என்றும் கேட்கிறது. அவனைப் பறக்க வைத்த பசியிலே நம் பசிக்கும் பங்குண்டு.

இந்நாட்டு வீதிகளிலே ஆண்டுதோறும் 2,000க்கும் அதிகமானோர் இறக்கின்றனர். அவர்களுட் பெருந்தொகையினர் மோட்டார் சைக்கிளோட்டிகளும் பின்னிருந்து செல்வோரும் நடந்து செல்வோருமே. உலகெங்கும் 5 வயது முதல் 29 வயது வரையுள்ளோரின் மரணத்துக்கு முதற் காரணம் வீதி விபத்தே என உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஒரு தொற்றுநோய் இவ்வளவு பேரைக் கொன்றிருந்தால் நாம் ‘அவன் விதி’ என்றோ ‘அவன் திமிர்’ என்றோ சொல்லிக்கொண்டிருப்போமா?

ஆகவே நாம் கோரவேண்டியவை தெளிவானவை. இலாபங் கருதாத, இரவிலும் ஓடும் பொதுப் போக்குவரத்து வேண்டும். அதுவே விபத்தைக் குறைக்கும் முதல் மருந்து. அனுமதிப்பத்திரத்துக்கு முன் அரச செலவிலே உண்மையான பயிற்சி வேண்டும். பிள்ளைகளுக்கு ஏற்ற, தரமான தலைக்கவசம் ஏழைக்கும் எட்டும் விலையிற் கிடைக்கவேண்டும். செயலிகளுக்காக ஓடுவோர் சட்டப்படி தொழிலாளராக ஏற்கப்பட வேண்டும். மறித்துச் சோதிக்கும் பொலிஸார் குடிமகனிடம் பேசுவது போலப் பேசவேண்டும்.

ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் தனியாக ஒரு சொல். நீங்களே நாளைய ஓட்டிகளையும் நாளைய செய்தியாளர்களையும் உருவாக்குபவர்கள். பதினாறு வயது மாணவன் அண்ணனின் வண்டியிலே பாடசாலைக்கு வந்தால் அவனைப் பெயர் சொல்லித் திட்டி அனுப்பிவிடாதீர்கள். ஏன் வந்தான், பஸ் ஏன் வரவில்லை என்று கேளுங்கள். கேட்டபின், அவன் முன்னே நடந்து செல்வோருக்கு அவன் செலுத்தவேண்டிய கடன் என்ன என்பதையும் கற்பியுங்கள். அடுத்த முறை “வேகக் கட்டுப்பாட்டை இழந்த மோட்டார் சைக்கிள்” என்ற வாக்கியத்தைப் படிக்கும்போது தலையை அசைக்காதீர்கள். “கண்டவர் யார்? சொன்னவர் யார்? எதிரே வந்தவர் யார்?” என்று கேளுங்கள். 2016இல் அக்கேள்வியைக் கேட்கச் சிலர் இருந்தமையாலேயே குளப்பிட்டி ஒரு விபத்தாக முடிந்துவிடவில்லை.